மருதாயி இறங்காத வண்டி

வெங்காயம் பிடுங்குகிற மாதத்தில் தோட்டக்காரர் ரத்தினவேலின் பழைய பிக்கப் வண்டி ஒவ்வொரு நாள் சாயங்காலமும் எங்கள் கீழத்தெருவுக்குள் நுழைந்ததும் நின்றுபோக ஆரம்பித்தது. நின்றுபோகும் என்றால் இருமி, குலுங்கி, புகை கக்கி நிற்பதில்லை, பேசிக்கொண்டே வந்தவர் வீட்டு வாசல் வந்ததும் பேச்சை நிறுத்துவதுபோல் சும்மா அப்படியே அடங்கிவிடும், டிரைவர் செங்கமலை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு, தன்னைப் பெற்றவளையும் வண்டியைச் செய்தவனையும் சேர்த்துத் திட்டி முடிப்பதற்குள் அதுவாகவே கிளம்பும், சில வீடு தள்ளிப் போய் மறுபடி நிற்கும்.

எங்கள் பக்கத்தில் வண்டிக்கு வைத்தியம் என்றால் மெயின் ரோட்டில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சிக்கந்தர் பாய்தான், வருகிற சத்தத்தை வைத்தே நோய் சொல்லிவிடுவேன் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்கிற மனிதர், பாதி நேரம் அது பலிக்கும், பலிக்காத பாதியைப் பற்றி அவர் பேசமாட்டார். முதலில் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார், ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஃபில்டரே அடைத்துவிட்டது என்று புதுசு மாட்டினார், வண்டி நின்றது. குழாயில் எங்கோ காற்று ஏறுகிறது, மனுசனுக்கு நெஞ்சில் வாயு பிடிக்கிற மாதிரி என்று விளக்கம் சொல்லி, கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை எடுக்கப் பார்த்தார், நுரை வருவதற்குப் பதில் சுத்தமான டீசல்தான் வந்தது, வண்டி நின்றது. டேங்க் மூடியின் துளையை ஊசியால் குத்தினார், பேட்டரி ஒயர்களைச் சுரண்டி இறுக்கினார், பம்பைக் கழற்றித் திருச்சிக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கி மாட்டினார், வண்டி நின்றது. மெயின் ரோட்டில் விட்டால் பறக்கிற வண்டி, மலையடிவாரம் வரை போய்வந்தாலும் முனகாத வண்டி, கீழத்தெருவில் மட்டும் நின்றதால், தன் தொழிலைக் கெடுக்க எவனோ மந்திரம் செய்துவிட்டான் என்று அவர் நம்பத் தொடங்கினார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் அவரே செங்கமலையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வந்தார். தெருமுனையில் வண்டி நின்றதும் இறங்கிப் பின்பக்கம் போனார்.

"பின்னால என்னாடா லோடு?" என்று கேட்டார்.

"லோடு ஏது பாய், இன்னிக்கு மூட்டையெல்லாம் டிராக்டர்ல போயிருச்சு. காலி வண்டி," என்றான் செங்கமலை.

"காலி வண்டிக்கு ஸ்பிரிங் பட்டை ஏன்டா இப்பிடி அமுங்கிக் கெடக்கு?"

செங்கமலை திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வண்டியை ஓட்டும்போது பின்பக்கம் பார்ப்பதை அவன் போன வருசமே விட்டிருந்தான்.

சிக்கந்தர் பாய் தெரு முழுக்க வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார். அவர் மெயின் ரோட்டுக்காரர், கீழத்தெருவில் எந்த வீடு யாருடையது என்று அவருக்குத் தெரியாது, அதனால் டீக்கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, முதலில் பூட்டிக் கிடக்கிற பச்சைக் கதவுக்கு முன்னால் நிற்கிறது, அப்புறம் முருங்கை மரம் இருக்கிற வீடு, அப்புறம் ஓடு சரிந்த வீடு, அப்புறம் ஆட்டுப்பட்டி வீடு, கடைசியில் நீலச்சாயம் அடித்த சின்ன வீடு என்று வரிசையாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் டம்ளரைக் கீழே வைத்தோம். பாப்பாத்தி, அஞ்சலை, தையல்நாயகி, சின்னம்மாள், மருதாயி. தினமும் சாயங்காலம் அவர்கள் இறங்குகிற வரிசை அதுதான்.

போன வருசம் இதே வெங்காய மாதத்தில், இதே வண்டியில், மூட்டைகளும் மூட்டைகளுக்கு மேல் முப்பது பெண்களும் ஏறி வந்தபோது, தரைப்பாலத்து வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தது. அந்த ஐந்து பேரும் அங்கேயே போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்த உடம்பை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம், தெருவுக்கு ஆகாது என்பார்கள், அதனால் வேன் நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. மருதாயியின் ஒரே மகள் கொளஞ்சி, வாசலில் ஒரு நிமிசம் இறக்கிவிட்டுக் கொண்டுபோங்க என்று வேனுக்கு முன்னால் படுத்துப் பார்த்தாள். அவளுடைய சித்தப்பன்மார்தான் அவளைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்தார்கள். ஆக, காலையில் வண்டியேறிப் போன ஐந்து பேரும் அவரவர் வாசலில் இறங்கவே இல்லை, இறங்காதவர்கள் இன்னும் வண்டியில்தான் இருப்பார்கள் என்பது சிக்கந்தர் பாய் சொன்ன பிறகு எங்களுக்கு ரொம்பச் சாதாரணமாகத் தோன்றியது.

வயலில் நடப்பது மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விபத்துக்குப் பிறகு பெண்கள் அந்த வண்டியில் ஏற மறுத்துவிட்டதால், ரத்தினவேல் நாலைந்து கிழவர்களை வைத்து வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தார், வேலை முப்பது பேர் செய்கிற வேகத்தில் முடிந்துகொண்டிருந்தது, எல்லாம் தன் மேற்பார்வையின் மகிமை என்று அவர் ஊர் முழுக்கப் பெருமையடித்து வந்தார். மறுநாள் காலையில் சாக்குகளை எடுக்கச் செங்கமலை பின்கதவின் கொண்டியைத் தட்டித் திறந்ததும் ஸ்பிரிங் பட்டை கிறீச்சிட்டு மேலே எழுந்தது, எழுந்த கொஞ்ச நேரத்தில் ஐந்து பாத்திகளில் வெங்காயத் தாள்கள் அசைந்தன, வெங்காயம் கொத்துக் கொத்தாக மண்ணைவிட்டு மேலே வந்து, உதறப்பட்டு, தாள் அறுபட்டு, ஐந்து குவியலாகச் சேர்ந்தது. யாரும் அலறவில்லை. கிழவர்களில் ஒருவர் வழக்கம்போல் வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

செய்தி கேட்டு ஓடிவந்த கொளஞ்சி கடைசிக் குவியலில் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். மருதாயிக்கு இடது கைப்பழக்கம், அவள் அறுத்த தாள் மற்றவர்கள் அறுத்ததற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கொளஞ்சியின் கையில் இருந்த எல்லாம் அப்படித்தான் சாய்ந்திருந்தன. அவள் பாத்தியோரத்தில் உட்கார்ந்து, "அம்மா, போதும் வாம்மா, வூட்டுக்குப் போவோம்," என்று வாய்விட்டு அழுதாள், பக்கத்துப் பாத்தியில் தாள் அறுபடுகிற சத்தம் கொஞ்சம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாகக் கேட்டது.

ஒரு ஊர் எதற்கெல்லாம் பழகிக்கொள்ளும் என்பதை அந்த மாதத்தில் நான் பார்த்தேன். முதல் வாரம் சுற்றுப்பட்டுக் கிராமத்தார் வேடிக்கை பார்க்க வந்தார்கள், வரப்போரம் ஒருவன் சுண்டல் கடை போட்டான், வெங்காயம் தானாக எழும்புவதைச் செல்போனில் படம் பிடித்தவர்கள் படத்தில் வெறும் வெங்காயம்தான் விழுந்திருக்கிறது என்று வருத்தப்பட்டுப் போனார்கள். இரண்டாவது வாரம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்து, உங்க வேலை முடிஞ்சதும் வண்டியை எங்க பக்கம் கொஞ்சம் அனுப்புங்க என்று ரத்தினவேலிடம் பல்லை இளித்தார்கள். பாப்பாத்தியின் மகன் திருப்பூரிலிருந்து வந்து வரப்பில் நின்று, எங்காத்தா உயிரோட இருந்தப்பகூட இவ்வளவு வேகம் கெடையாது என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, பச்சைக் கதவைத் திறக்காமலே அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனான். ரத்தினவேல் ஆரம்பத்தில் பதினோரு மணிக்கு ஐந்து டம்ளர் டீ வரப்பில் வைக்கச் சொன்னார், டீ அப்படியே ஆறிக் கிடந்ததால் வீணாகிறது என்று நிறுத்தச் சொன்னார்.

உயிரோடு இருக்கிற பெண்களுக்குத்தான் வயிறு காய்ந்தது. பயம் தெளிந்து வேலை கேட்டுப் போனவர்களை ரத்தினவேல் திருப்பி அனுப்பினார். செத்தவளுங்களோட போட்டி போட முடியுமா, அவளுங்க வெத்தலை போட எழுந்திருக்கறதில்ல, புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு போடறதில்ல என்று குழாயடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசினார்கள், பேச்சு கடைசியில் கொளஞ்சியின் பக்கம்தான் திரும்பும். உங்கம்மாதான் எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுது என்பார்கள். கொளஞ்சிக்கே வேலை கிடையாது. அம்மா இருந்தவரை இரண்டு பேர் போய்வந்த வீட்டில், இப்போது அம்மா மட்டும் போய்வந்தாள், வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை, அம்மாவும் வரவில்லை.

யாரோ ஒருவர் இது நியாயமா என்று ரத்தினவேலிடம் கேட்டபோது அவர் உண்மையிலேயே புண்பட்டுப்போனார். "நான் என்னா கூப்ட்டனா? அதுங்களா ஏறுது, அதுங்களா எறங்குது, அதுங்களா வேலை செய்யுது. வேணாம்னு வெரட்டறதுக்கு நான் என்னா கல்நெஞ்சக்காரனா?" என்றார்.

அவருக்கு இருந்த ஒரே குறை சாயங்காலம் வண்டி நிற்பதுதான். மார்க்கெட்டுக்குப் போகிற லாரியைப் பிடிக்க முடியவில்லை, அந்த எடத்துல மட்டும் நிக்காம ஓடுற மாதிரி பண்ணிக் குடு பாய் என்று வண்டியோடு மறுபடி ஒர்க் ஷாப்புக்குப் போனார். சிக்கந்தர் பாய் இந்தத் தடவை பானட்டைத் திறக்கவே இல்லை.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்ல மொதலாளி. வாசல் வந்ததும் எறங்கணும்னு நெனைக்கிறாங்க, பின்கதவு சாத்தியிருக்கு. முன்னெல்லாம் செங்கமலை எறங்கி வந்து கொண்டிய எடுத்துவிடுவான், இப்ப தெருவுக்குள்ள வந்தா அவன் பயந்துகிட்டு சீட்டை விட்டு எறங்கறதில்ல. கதவத் தொறந்து விடுங்க, வண்டி நிக்காது," என்றார்.

ரத்தினவேல் பின்கதவின் கொண்டியை ஆட்டிப் பார்த்தார். "எறங்கிட்டா நாளைக்கு வருவாளுங்களா?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அன்றைக்கே கொண்டியில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டு ஏறியது, சாவி அவர் இடுப்புக்குப் போனது, காலையில் வயலில் அவர் கையால் திறப்பார், சாயங்காலம் பட்டை அமுங்கியதும் அவர் கையால் பூட்டுவார். வண்டி வழக்கம்போல் ஐந்து வாசலிலும் நின்று நின்றுதான் போனது. லாரியைக் காக்கவைத்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

கொளஞ்சி ஒர்க் ஷாப்புக்குப் போனாள். கஸ்டமர் வண்டியில் கைவைக்க முடியாது, தொழில் போய்விடும் என்று சிக்கந்தர் பாய் அவளைப் பார்க்காமலே சொன்னார், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் வேலை போனது போவட்டும் பாய். எங்கம்மா காட்டுலேர்ந்து வந்தா கை கால் கழுவாம வூட்டுக்குள்ள வராது. ஒரு வருசமா அந்த வெங்காயக் கையோடவே உக்காந்திருக்கு பாய். ஒரே ஒரு நாள் எறக்கி உட்டுருங்க," என்றாள்.

பாய் ஸ்பேனரை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். பூட்டைத் தொடவேண்டிய அவசியம் இல்லை என்று அவருக்குத் தெரியும். கதவு கொண்டியில் மட்டுமா நிற்கிறது, கீழே இரண்டு கீலிலும் நிற்கிறது, கீலின் ஆணிகளை உருவிவிட்டால் பூட்டு பூட்டாகவே தொங்கும், கதவு விழுந்துவிடும். எஞ்சின் ஆயில் மாற்றவேண்டும் என்று சொல்லி வண்டியை வரவழைத்து, துருவேறிய ஆணிகளைத் தட்டி எடுத்து, அந்த இடத்தில் இரண்டு வேப்பங்குச்சிகளைச் செருகி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் பாயும் கொளஞ்சியும் தெருமுனையில் காத்திருந்தார்கள். பச்சைக் கதவுக்கு முன்னால் வண்டி அடங்கியதும் பாய் சுத்தியால் இரண்டு குச்சிகளையும் தட்டிவிட்டார், கதவு மடேரென்று சாய்ந்து தொங்கியது, பட்டை ஒரு விரற்கடை உயர்ந்தது. பூட்டிய வீட்டுப் படியில் இருந்த புழுதி, ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கிக்கொண்டது, பாப்பாத்தி போவதற்கு அதைவிட்டால் வேறு இடமில்லை. முருங்கை மர வீட்டில் அஞ்சலையின் புருசன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ஓடு சரிந்த வீட்டில் திறக்கவில்லை, உள்ளே யாரோ குழந்தையின் வாயைப் பொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டுப்பட்டி வீட்டில் ஆடுகளெல்லாம் எழுந்து வழிவிட்டன. ஒவ்வொரு வாசலிலும் வண்டி நிற்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது.

நீலச்சாய வீட்டுக்கு முன்னால் கொளஞ்சி கையை நீட்டினாள். "மெல்ல எறங்கும்மா, முழங்கால் வலிக்கும்," என்றாள். அவள் உள்ளங்கையில் ஒரு பாரம் அழுந்தியது, வெங்காயச் சாறு காய்ந்த பிசுபிசுப்பு ஒட்டியது. பட்டை முழுதாக எழுந்து வண்டி நிமிர்ந்துகொண்டது. வாசல் தொட்டியில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம் கேட்டு, ஈரக்கால் இரண்டு சிமெண்டுத் தரையில் பதிந்து உள்ளே போனது, வீடு முழுக்க வெங்காய வாடை நிறைந்தது. செங்கமலை அன்றுதான் சீட்டில் திரும்பி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான், காலியாக இருந்தது, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் வயலில் ஒரு தாள்கூட அசையவில்லை. ரத்தினவேல் ஆளில்லாத பாத்திகளையும் கறுத்துவரும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார், சிக்கந்தர் பாயைப் பரம்பரையோடு திட்டினார், மழைக்கு முன்னால் வெங்காயத்தை எடுக்காவிட்டால் அழுகிவிடும் என்பதால் திட்டை அதோடு நிறுத்திக்கொண்டு கீழத்தெருவுக்கு ஆள் அனுப்பினார். அந்த வண்டியில் இனி ஏறமாட்டோம் என்று ஒரு காலத்தில் சத்தியம் செய்தவர்கள் இருபத்தைந்து பேரும் விடிந்ததும் தூக்குவாளியோடு வரிசையில் நின்றார்கள். வேறு வண்டி கேட்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம். கீலில் புது ஆணி அடித்த கதவை மூடிக் கொண்டி போட்டார்கள்.

கொண்டியை எடுத்துவிட, கொளஞ்சி கடைசியாகத் தன் வாசலில் ஏறினாள். அவள் கால் பலகையில் பட்டதும் எஞ்சின் அடங்கியது.

செங்கமலை சாவியைத் திருப்பினான். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினான். எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள், நகரவில்லை. சிக்கந்தர் பாயைக் கூட்டிவந்தார்கள், அவர் வழியெல்லாம் காற்று பிடித்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும் என்று தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார், வண்டியை நெருங்கியதும் நின்றுவிட்டார். வாசலில் வெங்காய வாடை அடித்தது.

"பாப்பா, நீ எறங்கு," என்றார்.

கொளஞ்சி இறங்கினாள். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. ஏறினாள், அடங்கியது. இறங்கினாள், உறுமியது.

"அம்மா, இதெல்லாம் என்னா வெளையாட்டு?" என்று திறந்து கிடந்த வீட்டுக் கதவைப் பார்த்துக் கத்தினாள். "வண்டியில ஏறாதங்கற. சரி. அப்ப உலையில எதப் போடறதுன்னு சொல்லு. சொல்லும்மா."

"ஏய் கொளஞ்சி, எங்களுக்கு நேரமாவுது. ஒங்கம்மா கதைய அப்பறம் பாத்துக்க, எறங்கி நில்லு," என்று வண்டியிலிருந்து ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் அவளைத் தடுக்கவில்லை. வண்டியில் ஏற வேண்டாம் என்று அவர்களை நிறுத்துவதற்கு யாரும் இல்லை, அந்தக் கோபமும் அதில் இருந்தது. வண்டி இருபத்தைந்து பேரில் ஒருத்தி குறைவாக ஏற்றிக்கொண்டு, எந்த வாசலிலும் நிற்காமல், பாலத்து வளைவிலும் வேகம் குறைக்காமல் போனது. சிக்கந்தர் பாய் ஒர்க் ஷாப்புக்கு நடந்தார்.

கொளஞ்சி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ரோட்டு வழியாக நடந்தே போனாள். ஒரு அடி போவதற்குள் யாரோ காலைக் கட்டிக்கொண்ட மாதிரி கால் கனத்தது, இழுத்துக்கொண்டே நடந்தாள். பாலத்தைத் தாண்டிய பிறகுதான் கால் லேசானது. வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது, பாத்திகளில் பெண்கள் குனிந்திருந்தார்கள், யாரும் நிமிரவில்லை. ரத்தினவேல் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்ப வந்து நின்னா எப்பிடி புள்ள? பாத்தியெல்லாம் பிரிச்சுக் குடுத்தாச்சே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. "நாளைக்கு நேரத்தோட வண்டியில வந்துடு."